ஏமாற்றுக்காரர் படங்களில் ஏன் இத்தனை சொந்தக்காரர்கள்?

எங்கள் ஆச்சியை ஏமாற்றியவன் முதலில் கேட்டது ஒரு செம்புத் தண்ணீர்தான். கல்லிடைக்குறிச்சியில், வெயில் கொளுத்தும் ஒரு மத்தியானம். வீட்டில் ஆச்சி மட்டும்தான். திண்ணையில் வந்து உட்கார்ந்தவனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு, தாத்தாவின் பெயரைச் சொல்லி, "அவுக இப்பம் இல்லையா ஆச்சி?" என்றான். தன் தாத்தாவும் எங்கள் தாத்தாவும் விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் என்றான். ஆச்சி உடனே, "அம்மை அப்பால்லாம் நல்லாருக்காவளா?" என்று கேட்டிருக்கிறாள். "அம்மை நான் சின்னப்புள்ளையா இருக்கும்போதே போயிட்டாவ" என்றதும் ஆச்சி எழுந்து உள்ளே போய் மோர் கலக்கிக்கொண்டு வந்தாள்.

பர்ஸைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டதாகச் சொல்லி 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். மறுநாளே ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு வந்து அந்த 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான். நான்கு நாள் கழித்துத் திரும்ப வந்தான். தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று கண்கலங்க நின்றவனுக்கு, ஆச்சி அரிசிப்பானைக்குள் சுருட்டி வைத்திருந்த 6,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் அவன் வரவில்லை.

தாத்தா பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? வாசல் நிலைக்கு மேலே, வீடு கட்டிய வருஷத்தோடு சிமெண்டில் எழுதியிருக்கிறது. மில் விஷயம்? அந்த வட்டாரத்தில் அந்த வயதுக்காரர்களில் எத்தனையோ பேர் மில்லுக்குப் போனவர்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலே பலிக்கும். பலிக்காவிட்டால், "வேற தாத்தா போலிருக்கு" என்று தண்ணீர் குடித்த வாயோடு எழுந்து போய்விடலாம்.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் சித்தி மகன். கல்லூரி லீவில் வந்தவன் க்ரைம் காமெடிப் படங்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறான். போன வாரம் கேட்டான்: "அண்ணே, அடிதடிப் படத்துல ஹீரோ தனியாத்தான் சுத்துதான். இந்த ஏமாத்துக்காரன் படத்துல மட்டும் எதுக்கு இத்தனை அப்பா, அம்மா, மச்சான், மாமனாரு?" நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த வகைப் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் உதவும்.

க்ரைம் காமெடி என்பது பெரிய குடை. கடத்தல், கொள்ளை, பிணத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முழிப்பது எல்லாம் அதற்குள் வரும். அந்தக் குடைக்குள் ஒரு ஓரமாக, தனக்கென்று ஒரு இலக்கணத்தோடு நிற்பதுதான் ஏமாற்றுக்காரர் படம். திருடன் நாம் பார்க்காதபோது எடுக்கிறான். கொள்ளைக்காரன் நாம் பார்க்கப் பார்க்கப் பிடுங்குகிறான். ஏமாற்றுக்காரன் எடுப்பதும் இல்லை, பிடுங்குவதும் இல்லை. நாமே கொடுக்கிறோம். ஆச்சியின் 6,000 ரூபாயை அவன் தொடக்கூட இல்லை, ஆச்சிதான் அவன் கையில் திணித்தாள்.

ஆங்கிலத்தில் இவர்களுக்கு 'கான் மேன்' என்று பெயர். 'கான்ஃபிடன்ஸ் மேன்' என்பதன் சுருக்கம். நம்பிக்கைக்காரன் என்று சொல்லலாம். 1849-இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ஸன் என்பவன் பிடிபட்டபோது பத்திரிகைகள் இந்தப் பெயரைப் பரப்பின. அவன் நன்றாக உடுத்திக்கொண்டு, தெருவில் போகிற கனவான்களிடம் ரொம்ப நாள் பழகியவன் போலப் பேச்சுக் கொடுப்பான். பேச்சு சூடு பிடித்ததும், நாளை வரைக்கும் உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்து வைக்கிற அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பான். கொடுத்துவிடுவார்கள். நம் மொழி இதை இன்னும் கூர்மையாகச் சொல்லி வைத்திருக்கிறது: நம்ப வைத்துக் கழுத்தறுத்தான். இரண்டு வினை. முதல் வினை நடக்காமல் இரண்டாவது நடக்காது. ஏமாற்றுக்காரர் படத்தில் முக்கால்வாசி நேரம் அந்த முதல் வினைக்குத்தான் போகும். படம் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால், பணம் எப்போது கை மாறும் என்று காத்திருக்க மாட்டீர்கள். நம்பிக்கை எப்போது கை மாறுகிறது என்று பார்ப்பீர்கள்.

டேவிட் மாரர் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஏமாற்றுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறிகளைச் சேகரித்து 1940-இல் ஒரு புத்தகம் எழுதினார். சொற்களைத் தேடிப் போனவருக்குத் தொழிலின் படிகளே கிடைத்துவிட்டன. ஆளைத் தேர்ந்தெடுப்பது, பழக்கம் பிடிப்பது, கதை சொல்வது, சின்னதாக ஒரு லாபத்தைக் காட்டுவது, பெரிதாக வாங்குவது, பிரச்சினை இல்லாமல் ஆளைக் கழற்றிவிடுவது. ஆச்சி கதையை இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள். படிகள் அப்படியே இருக்கும். எனக்கு இதில் மிகவும் வலிக்கிற இடம் அந்தச் சீப்புப் பழம். 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது நேர்மைக்காக இல்லை, அதுதான் தூண்டில் புழு. மோசடி நிதிக் கம்பெனிகள் முதல் இரண்டு மாதம் வட்டியை நாள் தவறாமல் கொடுப்பதும், செல்போனில் வரும் முதலீட்டு ஆசாமிகள் முதலில் ஆயிரம் ரூபாயை ஆயிரத்து முந்நூறாக்கிக் காட்டுவதும் இதே பழம்தான். பாஸ்டனில் 1920-இல் சார்லஸ் போன்ஸி, 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லி, முதலில் வந்தவர்களுக்குச் சொன்னபடியே கொடுத்தான். கொடுத்தது பின்னால் வந்தவர்களின் பணம். ஊரே வரிசையில் நின்றது.

கடைசிப் படியையும் கவனிக்க வேண்டும். ஏமாந்தவர் வெளியே சொல்ல மாட்டார். ஆச்சி ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. "எம்புட்டு விவரமான பொம்பளைன்னு பேரு எடுத்தவ நான்" என்றாள், கடைசியில் அம்மாவிடம் சொன்னபோது. வெட்கம்தான் இந்தத் தொழிலின் காவல்காரன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஏமாற்றுவதற்கு அல்வா கொடுத்துவிட்டான் என்பார்கள், தமிழ்நாடு முழுக்கவும் அப்படித்தான். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, புளிக்கவிட்டு, நெய்யும் சர்க்கரையுமாக மணிக்கணக்கில் கை ஓயக் கிண்டுகிற ஒரு பண்டத்துக்கு இப்படி ஒரு பெயர் வந்ததில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஆனால் அந்தச் சொல்லில் ஒரு கூர்மையான பார்வையும் இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் இலையில் வாங்கிச் சுடச்சுட வாயில் போட்டால், மெல்லுவதற்கு முன்னால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஏமாறுவதும் அப்படித்தான் நடக்கிறது. யோசிக்கிறதுக்குள்ளே தொண்டையைத் தாண்டிவிடும்.

சரி, இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? ஆச்சி கதையைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வராது. வரக் கூடாது. இங்கேதான் இந்த வகைப் படத்தின் முக்கியமான விதி இருக்கிறது: ஏமாறுகிறவர் எதை நம்பி ஏமாறுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அது காமெடியா இல்லையா என்பது. ஆச்சி இரக்கத்தால் ஏமாந்தாள். ரைஸ் புல்லிங் கலசத்துக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவர் ஆசையால் ஏமாறுகிறார். அந்த வித்தை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடி விழுந்த கோயில் கலசத்துக்கு அபூர்வ சக்தி வந்துவிடும், பக்கத்தில் அரிசியைப் போட்டால் இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்குவார்கள் என்று கதை விடுவார்கள். இருட்டறையில் காட்டவும் செய்வார்கள். அரிசியோடு இரும்புத்தூளைச் சேர்த்து, பாத்திரத்துக்குள் காந்தத்தை ஒளித்து வைத்தால் அரிசி நகரத்தானே செய்யும்? 2014-இல் வந்த எச். வினோத்தின் 'சதுரங்க வேட்டை' இதையும் இரண்டு தலைப் பாம்பு வியாபாரத்தையும் விலாவாரியாகக் காட்டியது. அங்கே ஏமாறுகிற பணக்காரரைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் எதிராளியை ஏமாற்றிப் பெரிய லாபம் பார்க்கலாம் என்று அவரும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். கதாசிரியர் இந்தக் கோட்டைத் தாண்டி, ஒரு ஏழைக் கிழவியையோ நோயாளியையோ ஏமாற்றிக் காட்டினால் தியேட்டரில் சிரிப்பு அப்படியே நின்றுவிடும். நல்ல இயக்குநர்களுக்கு இது தெரியும். படத்தின் நடுவில் வேண்டுமென்றே ஒரு முறை அந்தக் கோட்டைத் தாண்டவிட்டு, நாயகனையும் நம்மையும் கூசவைப்பார்கள்.

சிரிப்புக்கு இன்னொரு ஊற்று, யாருக்கு என்ன தெரியும் என்பது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964-இல் வந்தது. ஒரு கொலை கிடையாது, கொள்ளை கிடையாது, ஆனால் எலும்பும் சதையும் சுத்தமான மோசடிக் கதைதான். பணக்காரச் சம்பந்தம்தான் வேண்டும் என்று நிற்கிற விஸ்வநாதனாக நம் நெல்லைச் சீமைக்காரரான டி. எஸ். பாலையா. அவருடைய மகளைக் காதலிக்கிற ரவிச்சந்திரன், தான் ஒரு கோடீஸ்வரர் மகன் என்று சொல்லிவிடுகிறார். சொன்னால் போதுமா, அப்பாவைக் காட்ட வேண்டாமா? நண்பன் முத்துராமன் தாடி ஒட்டிக்கொண்டு கோடீஸ்வர அப்பாவாக வந்து இறங்குகிறார். வந்த இடத்தில் பார்த்தால், அந்த வீட்டின் இன்னொரு மகள் அவர் காதலிக்கிற பெண். தாடி ஒட்டியது என்பது நமக்குத் தெரியும், பாலையாவுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு சிரிப்பும் பிறக்கிறது. பாலையா அந்த 'அப்பா'வுக்குக் காட்டுகிற மரியாதை கூடக்கூட நமக்குத் தாங்க முடியாமல் போகும். அவர் பணிவது ஆளுக்கு இல்லை, பணத்துக்கு.

இப்போது தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தப் படத்தில் முதலில் தேவைப்பட்டது ஒரு அப்பா. கே. பாலசந்தரின் 'தில்லு முல்லு' (1981) படத்தில் ரஜினிகாந்த் ஒரு வேலைக்காக முதலாளி தேங்காய் சீனிவாசனிடம் தன்னைப் பழைய காலத்துப் பிள்ளை போலக் காட்டிக்கொள்கிறார். விளையாட்டுப் போட்டி பார்க்கப் போய் மாட்டிக்கொண்டதும், அது நானில்லை, மீசை இல்லாத என் தம்பி என்கிறார். அப்புறம் ஒரு அம்மாவும் தேவைப்படுகிறார், சௌகார் ஜானகி வருகிறார். ஒரு பொய் ஒரு தம்பியைப் பெற்றது, ஒரு அம்மாவைக் கொண்டுவந்தது. இது தற்செயல் இல்லை. ஒருவரை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கிற மிகப் பழைய வழி, அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதுதான். பேங்க் பாஸ்புத்தகமும் ஆதாரும் வருவதற்கு எவ்வளவோ முன்னால் இருந்தே மனுஷனுக்கு மனுஷன் கொடுத்த ஜாமீன் குடும்பம்தான். அதனால் நம்பிக்கையைத் திருட வருகிறவன் முதலில் குடும்பத்தைத் திருடியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இது இன்னும் கூடுதல். முன்பின் தெரியாத கடைக்காரர் அண்ணாச்சி, பஸ்ஸில் இடம் கொடுத்த அம்மா பெரியம்மை. புது ஆள் யார் வந்தாலும், எந்த ஊரு, யாரு வீடு, அம்மைக்கு எந்த ஊரு என்று மூன்று கேள்வி. மூன்றாவது கேள்விக்குள் ஏதோ ஒரு வகையில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். இது ஒரு பெரிய பாதுகாப்பு. அதே நேரம், விடை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவனுக்குத் திறந்து கிடக்கிற வாசலும் இதுதான்.

கருத்தாகச் சொல்வதைவிட ஒரு கதையைக் கட்டிப் பார்த்தால் நன்றாகப் புரியும். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். ஏமாற்றுகிறவர்கள் மூன்று பேர்: ஒரு அப்பா, அவருடைய மகள், அவளைக் கட்டிய மருமகன். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொய் மேசை, பெண் வீட்டுக்கு ஒரு மொய் மேசை போட்டிருக்கிறது. இவர்கள் மூன்றாவதாக ஒரு மேசை போட்டு, தாம்பாளத்தில் சந்தனம், கல்கண்டு, ஒரு கோடுபோட்ட நோட்டு, ஒரு மஞ்சள் பை எல்லாம் வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பெண் வீட்டு ஆள் என்று நினைக்கிறார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று. யாரும் கேட்கவும் மாட்டார்கள். கல்யாண வீட்டில் "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டால் சம்பந்திச் சண்டையே வந்துவிடும். மாரர் புத்தகத்தில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு முழுக் கடையையே பொய்யாகப் போட்டு, வாடிக்கையாளர்களாகக்கூடத் தங்கள் ஆட்களையே நிறுத்தி வைப்பார்கள். நம் ஊருக்கு அது மூன்றாவது மொய் மேசை.

இதுவரைக்கும் மோசடி. இனிமேல்தான் படம். பந்திக்குப் போகிற வழியில் ஒரு பெரியவர் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏல, நீ கீழப்பாவூர்க்காரர் மவன்லா? அந்த மூக்கு அப்படியே இருக்கு" என்கிறார். மாட்டிக்கொள்ளாமல் இருக்க அப்பா தலையை ஆட்டுகிறார். ஒரே ஒரு தலையாட்டல்தான். உடனே அவருக்கு ஒரு குடும்பமே வந்து சேர்கிறது. பேசாமல் போய்விட்ட ஒரு அண்ணன், தீராத ஒரு சுவர்த் தகராறு, இருபது வருஷமாக இவரைப் பார்க்க ஏங்கிய ஒரு அத்தை. அந்த அத்தை, இவருடைய மகளின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், "நாளைக்கு மறுவீட்டுச் சொதி சாப்பிடாம யாரும் போவப்படாது." சொதி தெரியாதவர்களுக்கு: தேங்காயைப் பிழிந்து மூன்று பாலும் தனித்தனியாக எடுத்து, பாசிப்பருப்பும் காய்களும் போட்டு வைக்கிற குழம்பு. இஞ்சித் துவையல் தொட்டுக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் நெருங்கிய சொந்தங்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது.

மருமகன் பையைத் தூக்கிக்கொண்டு வண்டி பக்கத்தில் நிற்கிறான். மகளுக்குக் கால் நகரவில்லை. பிறந்ததிலிருந்து அவளை யாரும் சாப்பிடாமல் போகாதே என்று கைபிடித்து நிறுத்தியது கிடையாது. இன்னொன்றும் அவளுக்கு உறைக்கிறது. மொய் நோட்டு வெறும் நோட்டு இல்லை. யார் எவ்வளவு செய்தார்கள், நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் எவ்வளவு செய்ய வேண்டும் என்கிற கணக்கு அது. பணம் போனால் ஒரு கல்யாணத்து நஷ்டம். நோட்டு போனால் யாருக்குச் செய்யாமல் விட்டோம் என்று தெரியாமலேயே வருஷக்கணக்கான உறவுகள் கோணிக்கொள்ளும். அவள் நோட்டைத் திருப்பி வைக்கப் போகிறாளா, பணத்தையும் சேர்த்தா, அப்பா என்ன செய்வார்? இந்த இடத்தில் நீங்கள் நாற்காலி நுனிக்கு வந்தால், படம் ஜெயித்துவிட்டது. போலியாகப் போட்ட உறவு நிஜமாகத் தொடங்கும் கணம் இது. இந்த வகைப் படங்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கடைசித் திருப்பம், யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற முடிச்சு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதைத் தலைகீழாகச் செய்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் 2019 படம் 'பாரசைட்'. இங்கே போலிக் குடும்பம் இல்லை. அப்பா, அம்மா, மகன், மகள் நால்வரும் நிஜக் குடும்பம். ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர, ஒருவரையொருவர் தெரியாதவர்களாக நடிக்கிறார்கள். காட்டிக்கொடுக்கப் பார்ப்பது எது தெரியுமா? வாசம். நாலு பேரிடமும் ஒரே வாசம் வருகிறது என்று அந்த வீட்டுச் சின்னப் பையன் சொல்லிவிடுகிறான். ஒரே வீட்டில் துவைத்து, ஒரே அறையில் படுத்து எழுந்தவர்களின் வாசத்தை எந்த வேஷத்தால் மறைக்க முடியும்? படம் முடிவில் சிரிப்பை விட்டு வெகுதூரம் போய்விடும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

'பேப்பர் மூன்' என்று 1973-இல் வந்த ஒரு அமெரிக்கப் படத்தையும் சொல்லத் தோன்றுகிறது. கணவனை இழந்த பெண்களின் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் கணவர் இறப்பதற்கு முன் உங்களுக்காக பைபிள் ஒன்று சொல்லி வைத்திருந்தார் என்று விற்பவன் நாயகன். இறந்தவர் பெயரை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பது. அந்தக் காட்சியில் எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை தெரிந்தது. கூடவே ஒரு சிறுமி ஒட்டிக்கொள்கிறாள். அவள் அவன் மகளா இல்லையா என்று படம் உறுதியாகச் சொல்வதே இல்லை. நடித்தவர்கள் நிஜத்தில் அப்பாவும் மகளும். 10 வயதில் ஆஸ்கர் வாங்கினாள் அந்தக் குழந்தை, டேட்டம் ஓநீல்.

தம்பிக்கு நான் சொன்ன யோசனை ஒன்றுதான்: நல்ல ஏமாற்றுக்காரர் படம் ஒன்றை இரண்டாவது தடவையும் பார். முதல் தடவை நீ ஏமாறுகிறவர் இடத்தில் இருப்பாய். இரண்டாவது தடவை மோசடிக் கூட்டத்தில் ஒருவனாக இருப்பாய். இயக்குநர் எல்லாவற்றையும் கண் முன்னாலேயே வைத்திருந்தாரா, இல்லை கடைசியில் பைக்குள்ளிருந்து புதிதாக எதையாவது எடுத்தாரா என்று அப்போதுதான் தெரியும். இரண்டாவது ரகம் என்றால் அது பார்வையாளர்களிடம் பழம் கொடுக்காமலேயே பணம் வாங்கிய படம்.

அப்புறம், ஒருவனை 'ஃபோர் ட்வென்டி' என்று நாம் திட்டுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவிலிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 318(4) ஆகிவிட்டது, தண்டனை ஏழு ஆண்டு வரை. வசவு மாறுவதாகத் தெரியவில்லை. நிஜத்தில் இணையம், செல்போன் வழியாகப் பணம் போனால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு கூடும்.

ஆச்சி இருந்த காலத்தில் ஒரு பொங்கல் லீவுக்கு டிவியில் 'தில்லு முல்லு' போட்டார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ஏமாந்த கதை வெளியே வந்து அப்போது நாலைந்து மாதம்தான் ஆகியிருக்கும். ஆச்சிக்கு எப்படி இருக்குமோ என்று அம்மா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். படம் முடிந்து நாங்கள் எழுந்தபோதுதான் என் கையைப் பிடித்துக் கேட்டாள், "ஏல, அந்தப் பயலுக்கு நெசமாவே அம்மை கெடையாதா?"